லொஃப்ற்றுக்குள் ஒரு சின்னத் தாங்கி

"றேடியேற்றர் குளிருது" என்றுதான் போன் வரும். போனால், வீட்டுக்காரர் நேரே குளிர்ந்த றேடியேற்றரிடம் கூட்டிப்போவார். மரியாதைக்கு அதை ஒருக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு, "லொஃப்ற்றுக்கு ஏறுற வழி எங்கே?" என்று கேட்பேன். வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கும். அந்த வழிக்குக் கீழே அலுமாரி நிற்கும். மேலே கொழும்புப் பயணத்துச் சூட்கேஸ்களும் மகளின் சாமத்திய வீட்டு அல்பங்களும் அடுக்கியிருக்கும். எல்லாவற்றையும் தாண்டித் தவழ்ந்துபோனால், கூரைச் சாய்வின் அடியில் ஒரு சின்னக் கறுப்புப் பிளாஸ்ரிக் தாங்கி இருக்கும். அந்த வீட்டிலேயே பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர்கள்கூட அதைக் கண்டிருக்க மாட்டார்கள்.

லொஃப்ற்றில் தாங்கி ஒன்றல்ல, இரண்டு. பெரியது குளியலறைக்கும் சுடுதண்ணீர்ச் சிலிண்டருக்கும் தண்ணீர் கொடுப்பது. சின்னது பொயிலர், பம்ப், றேடியேற்றர்கள் எல்லாவற்றையும் சுற்றி ஓடும் தண்ணீருக்கு மட்டும் உரியது. அதன் அடியிலிருந்து 15 மில்லிமீற்றர் செப்புக் குழாய் ஒன்று கீழே இறங்கும். குறைகிற தண்ணீரை நிரப்புவது அது. இன்னொரு குழாய், 22 மில்லிமீற்றர், பொயிலர்ப் பக்கமிருந்து ஏறிவந்து தாங்கிக்கு மேலே வளைந்து, வாயைத் திறந்தபடி கீழே பார்த்து நிற்கும். அதுதான் வென்ற் குழாய். தண்ணீர் தவறிக் கொதித்தால் ஆவி போக அது வழி. இந்தத் திறந்த வாயால்தான் இதை ஓப்பன் வென்ற் சிஸ்ரம் என்கிறார்கள்.

இது நிலக்கரிக் காலத்தின் மிச்சம். அடுப்பில் எரிகிற கரியை ஒரு சுவிற்சால் நிறுத்த முடியாது. பம்ப் நின்றாலும் மின்சாரம் போனாலும் அடுப்பு தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டே இருக்கும், ஆகவே மேலே ஒரு வாய் திறந்திருக்க வேண்டும். 1952இல் லண்டனை மூடிய புகைமூட்டத்துக்குப் பிறகு 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. வடகடல் எரிவாயு வந்து, 1967 தொடங்கிப் பத்து வருடங்களில் நாட்டின் காஸ் அடுப்புகளையெல்லாம் அதற்கு மாற்றினார்கள். கரி போய்க் காஸ் வந்த பிறகும் லொஃப்ற்றுத் தாங்கி போகவில்லை. ஹரோ, வெம்பிளி, ரூட்டிங், ஈஸ்ற்ஹாம் என்று எங்கள் சனம் வாங்கிக் குடியேறிய பழைய வீடுகளில் பெரும்பாலும் இந்த முறையே இருந்தது. அதனால்தான் எனக்கு இதிலே இவ்வளவு பழக்கம்.

சின்னத் தாங்கிக்கு இன்னொரு வேலையும் உண்டு. தண்ணீர் சூடேறினால் பெருக்கும். 100 லீற்றர் பிடிக்கும் ஒரு சிஸ்ரம் பச்சைத் தண்ணீரிலிருந்து 80 பாகைக்கு வந்தால் ஏறக்குறைய 3 லீற்றர் கூடும். அந்த மிச்சம் வந்த வழியே மேலே ஏறித் தாங்கிக்குள் வரும். ஆறினால் திரும்பக் கீழே இறங்கும். ஆகவே குளிர்ந்திருக்கும்போது தாங்கியின் அடியில் நாலு விரல் உயரம்தான் தண்ணீர் நிற்க வேண்டும். இதை அறியாத ஆக்கள், தாங்கி அரைவாசி காலியாகக் கிடக்கிறதே என்று தண்ணீர் விடும் வால்வின் மிதவைக் கையை மேலே வளைத்துவிட்டுப் போவார்கள். பின்னேரம் ஹீற்றிங் சூடாக, வீட்டுக்கு வெளியே வழிவுக் குழாயால் தண்ணீர் கொட்டும்.

புது முறையில், அதாவது மூடிய சிஸ்ரத்தில், ஒரு அழுத்தமானி இருக்கும். எங்கேயாவது ஒழுகினால் முள் இறங்கும். மிகவும் இறங்கினால் பொயிலர் தானே நின்றுவிடும். வீட்டுக்காரர் அன்றைக்கே போன் எடுப்பார். பழைய முறையில் அப்படி ஒன்றுமே நடக்காது. தண்ணீர் குறைந்தால் மிதவை இறங்கும், வால்வ் திறக்கும், குறைந்தது நிரம்பும். ஒரு சத்தமும் இல்லை. ஊருக்குத் தெரியாமல் கடன் வாங்கிக் குடும்பம் நடத்துகிற மனிசன் மாதிரி, வெளியிலே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஆனால் நிரம்புகிற ஒவ்வொரு லீற்றர் புதுத் தண்ணீரோடும் ஒட்சிசன் வருகிறது. றேடியேற்றர் உருக்குத் தகடு, உள்ளே இருந்து துருப்பிடிக்கத் தொடங்கும். லண்டன் தண்ணீர் சுண்ணாம்புப் பாறை வழியே வருகிற கடினத் தண்ணீர் என்பதால் சுண்ணாம்பும் சேர்ந்து வந்து பொயிலரின் உட்சுவரில் படியும். பொயிலர் கேத்தில் இரைகிற மாதிரி இரையும். சிஸ்ரத்தை முதன்முதல் நிரப்பியபோது உள்ளே போன ஒட்சிசன் கொஞ்ச நாளில் தீர்ந்துவிடும், பிறகு துருவும் ஓய்ந்துவிடும். அதே தண்ணீரே சுற்றிக்கொண்டிருக்கும் வரை இந்த முறை மிக நல்ல முறை. புதுத் தண்ணீர் எங்கே, எப்படி உள்ளே வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் என்னுடைய தொழிலில் பெரும்பங்கு. மற்றது பம்ப் மாற்றுவது, வால்வ் மாற்றுவது. அவை கை வேலை.

இதை எனக்குப் பழக்கியவர் கில்பேர்னில் இருந்த ஒரு ஐரிஷ் கிழவர். அவரிடம் நான் வேலைக்குச் சேர்ந்தபோது காஸ் வேலைக்காரரைப் பதிந்தது கோர்கி. 2009 ஏப்ரலில் அதன் இடத்துக்குக் காஸ் சேஃப் வந்து என்னுடைய அட்டையும் மாறியது. கிழவரின் பையில் மீற்றர்கள் அதிகம் இல்லை. நீளமான ஸ்குறூட்ரைவர் ஒன்று: அதன் நுனியைப் பம்பின் உடலில் வைத்துப் பிடியைக் காதெலும்பில் அழுத்தினால், உள்ளே சக்கரம் சுழல்கிறதா, காற்றை மென்றுகொண்டிருக்கிறதா என்று கேட்கும். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று. ஒரு பந்து நூல். ஒரு பென்சில். றேடியேற்றரிலிருந்து வருகிற காற்று உண்மையில் காற்றா என்று பார்க்க லைற்றரைத் தட்டுகிற பழக்கமும் அவருக்கு இருந்தது. இரும்பு ஒட்சிசன் குறைந்த தண்ணீரில் கறுப்பாகத் துருப்பிடிக்கும்போது ஹைட்ரஜன் வெளியேறும். அது றேடியேற்றரின் தலையில் சேர்ந்து நிற்கும், கொளுத்தினால் மங்கலான சுவாலையோடு பற்றும். நான் அதைச் செய்வதில்லை. வாசிக்கிறவர்களும் செய்யவேண்டாம். தண்ணீரின் நிறமே போதியதைச் சொல்லும்.

ஹரோவில் ஒரு மாஸ்ரர் வீடு. யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவர், 1930களில் கட்டிய இரட்டை வீடொன்றில் பாதியை வாங்கி இருக்கிறார். மேல்மாடி றேடியேற்றர்கள் மேலே குளிர், கீழே சூடு. அப்படியென்றால் தலையில் காற்று நிற்கிறது. கீழ்மாடியில் இரண்டு, மேலே சூடு, அடி நடுவில் குளிர். அது சேறு. இந்த இரண்டு வருத்தமும் ஒரே வீட்டில் ஒன்றாக இருந்தால் அநேகமாக அவற்றுக்குத் தாய் ஒன்றே.

"தம்பி, ஞாயிற்றுக்கிழமை காத்து எடுத்தன். வியாழக்கிழமை திரும்பவும் அடைச்சுப்போச்சு" என்றார் மாஸ்ரர். சும்மா சொல்லவில்லை. குசினிச் சுவரில் தொங்கிய கோயில் கலண்டரில், காற்று எடுத்த நாள் ஒவ்வொன்றுக்கும் சிவப்பு மையில் புள்ளி. ஐப்பசியில் புள்ளிகள் தூரத் தூர இருந்தன, மார்கழியில் நெருங்கியிருந்தன. இவ்வளவு நல்ல நோய்க்குறிப்பு எனக்கு ஒரு வீட்டிலும் கிடைத்ததில்லை. எனக்கு முன்னே வந்த ஒருவர் பம்பை மாற்றியிருந்தார். பிறகு வந்தவர் பொயிலரோடு எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாகப் போட வேண்டும் என்று விலை எழுதிக் கொடுத்திருந்தார். அந்தக் கடதாசியையும் மாஸ்ரர் கோவைப்படுத்தி வைத்திருந்தார்.

லொஃப்ற்றில் ஏறிச் சின்னத் தாங்கியின் பக்கத்தில் கையை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. மூடியைத் தூக்கினால் உட்புறம் முழுக்க வியர்வை, அடியில் செங்கல் நிற மண்டி. இந்தத் தாங்கி சூடாக இருக்கக் காரணமே இல்லை. பெருக்கம் ஏறிவரும்போது கொஞ்சம் மந்தமான தண்ணீர் வரலாம், அவ்வளவுதான். பம்பை நிறுத்தி வைத்துவிட்டு, வென்ற் குழாயின் வாய் மூழ்கும்படி ஒரு கோப்பைத் தண்ணீரைப் பிடித்தேன். "மாஸ்ரர், இப்ப போடுங்கோ" என்று கத்தினேன். இந்தக் கோப்பைச் சோதனையில் இரண்டில் ஒன்று நடக்கும். கோப்பையிலுள்ள தண்ணீர் உறிஞ்சப்பட்டு மேலே போனால், சிஸ்ரம் வென்ற் வழியே காற்றைக் குடிக்கிறது. கோப்பை நிரம்பி வழிந்தால், பம்ப் தண்ணீரை வென்ற்றால் வெளியே தள்ளுகிறது. வழிந்தது. முதலில் ஒரு பாய்ச்சல், பிறகு சிறுவிரல் கனத்துக்கு நிற்காத ஒழுக்கு.

அதாவது ஹீற்றிங் ஓடுகிற நேரமெல்லாம் சுடுதண்ணீர் வென்ற்றால் ஏறி, காற்றில் விழுந்து, ஒட்சிசனைக் கரைத்துக்கொண்டு, தாங்கியின் அடிக்குழாயால் திரும்ப உள்ளே போகிறது. புதுத் தண்ணீரே வேண்டாம், உள்ள தண்ணீரே நாள் முழுக்கப் புதிதாகிக்கொண்டிருந்தது. மாஸ்ரர் எடுத்த காற்றும் அதுதான், அடியில் சேர்ந்த சேறும் அதுதான்.

அது ஏன் நடக்கிறது என்பதற்குச் சிலிண்டர் நிற்கும் அலுமாரிக்குள் போக வேண்டும். பொயிலரிலிருந்து வரும் குழாயில் முதலில் வென்ற் பிரியும், அடுத்துத் தாங்கியிலிருந்து வரும் நிரப்புக் குழாய் சேரும், அதற்கடுத்துப் பம்ப். இந்த ஒழுங்கு மாறக்கூடாது. நிரப்புக் குழாய் சேரும் இடத்தில் அழுத்தத்தைத் தீர்மானிப்பது லொஃப்ற்றுத் தாங்கியின் உயரம். பம்ப் ஓடினாலும் நின்றாலும் அந்த ஒரு புள்ளியில் அழுத்தம் மாறாது. வென்ற் அந்தப் புள்ளிக்கு மிகக் கிட்ட இருந்தால், 150 மில்லிமீற்றருக்குள் என்பது கணக்கு, வென்ற்றிலுள்ள தண்ணீரும் அசையாமல் நிற்கும். ஹரோ வீட்டில் ஒழுங்கு சரி. தூரமும் சரி. வென்ற் தாங்கித் தண்ணீர் மட்டத்திலிருந்து அரை மீற்றர் அளவு உயர்ந்தும் இருந்தது. அப்படியும் வழிகிறதென்றால், வென்ற்றுக்கும் நிரப்புக் குழாய்க்கும் இடையிலுள்ள அந்தச் சாண் குழாய்க்குள் தண்ணீர் இடறுப்படுகிறது. இடறினால் அந்த இடறலுக்கு முன்னே அழுத்தம் கூடும், கூடிய அழுத்தம் வென்ற்றில் தண்ணீரை ஏற்றும்.

காந்தத்தை எடுத்தேன். செப்பில் காந்தம் ஒட்டாது. குழாய் நெடுக வைத்துக்கொண்டே வர, சரியாக அந்த இரண்டு மூட்டுகளுக்கும் இடையில் 'டக்' என்று ஒட்டி நின்றது. செப்புக்கு உள்ளே இரும்புத் துரு, மக்னறைற் என்கிற கறுப்புத் துரு, இறுகிக் கிடக்கிறது. குளிர்ந்த தண்ணீரும் சுடுதண்ணீரும் சந்திக்கிற மூட்டில்தான் இது கூடுதலாகப் படியும். மாஸ்ரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். காந்தத்தை வாங்கித் தானும் வைத்து வைத்துப் பார்த்தார். அவர் திருப்திப்பட்டது அப்போதுதான்.

புதுப் பம்பைப் பார்த்தேன், வேகம் மூன்றில் கிடந்தது. சூடு காணாதென்று முன்னே வந்தவர் கூட்டிவிட்டிருக்கிறார். வேகம் கூடினால் இடறலுக்கு முன்னேயுள்ள அழுத்தமும் கூடும், வென்ற் இன்னும் பலமாகக் கொட்டும், காற்று இன்னும் சேரும், றேடியேற்றர் இன்னும் குளிரும். இரண்டுக்குக் குறைத்துவிட்டு லொஃப்ற்றில் பார்த்தேன். ஒழுக்கு நின்றிருந்தது. அதோடு காசை வாங்கிக்கொண்டு வந்துவிட்டால், அடுத்த மாரிக்குச் சேறு இன்னும் கூடி, வேகம் ஒன்றிலும் கொட்டும்.

ஒரு கிழமை சுத்திகரிப்பு மருந்தை விட்டு ஓடவிட்டோம். பிறகு தண்ணீரை முழுக்க இறக்கி, அந்தச் சாண் குழாயையும் இரண்டு மூட்டையும் வெட்டி எடுத்தேன். 22 மில்லிமீற்றர்க் குழாய்க்குள் ஒரு பென்சில் போகிற அளவுக்குத்தான் வழி இருந்தது, மற்றதெல்லாம் கறுப்புக் கல். புதுக் குழாய் வைத்து, அடி குளிர்ந்த இரண்டு றேடியேற்றர்களையும் கழற்றிப் பின்வளவுக்குக் கொண்டுபோய் ஹோஸ் பிடித்தேன். மை மாதிரி வந்தது. "தம்பி, அதை என்ர றோசாவுக்குக் கிட்ட விடாதேங்கோ" என்று அன்ரி யன்னலால் சத்தம் போட, இழுத்துக்கொண்டுபோய்க் கழிவுக்கானில் விட்டேன். கடைசியில் நிரப்பும்போது 100 லீற்றருக்கு ஒரு லீற்றர் என்ற கணக்கில் துருத்தடுப்பு மருந்தைத் தாங்கிக்குள் ஊற்றினேன். திரும்பி வருகிற குழாயில் ஒரு காந்த வடியும் பூட்டினேன். அந்த விலைக் கடதாசியை மாஸ்ரர் எறியவில்லை. பக்கத்திலே என்னுடைய பில்லையும் குத்தி வைத்தார், வித்தியாசத்தை ஓரத்தில் எழுதி.

தண்ணீர் முழுவதையும் இறக்காமல் வேலை முடிக்க ஒரு வித்தை உண்டு, வீட்டுக்காரர்கள் நம்பமாட்டார்கள். தாங்கியின் அடி வாயை ஒரு ரப்பர் அடைப்பானாலும் வென்ற்றின் வாயை இன்னொன்றாலும் இறுக்கி அடைத்துவிட்டால், மேலிருந்து காற்று நுழைய வழியில்லை. பிறகு கீழே ஒரு வால்வைக் கழற்றினாலும் கொஞ்சம் தண்ணீர் வந்துவிட்டுத் தொங்கி நின்றுவிடும். துணியும் கிண்ணமும் இருந்தால் போதும். ஆனால் அந்த நேரம் ஒருவர் வேறு அறையில் றேடியேற்றரின் காற்றுத் திருகியைத் திறந்துபார்த்தால் மேல்மாடித் தண்ணீர் எல்லாம் கம்பளத்தில்தான். ஆகவே இந்த வேலைக்குமுன் வீட்டிலுள்ள எல்லாரையும் ஒரு அறையில் இருத்திவிட்டுத்தான் தொடங்குவேன்.

ரூட்டிங்கில் தனியே இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி. குசினிக் கதவுக்கு மேலே வழிவுக் குழாய் இரவு பகலாகச் சொட்டி, சுவரில் பச்சைப் பாசி பிடித்துவிட்டது. முந்தி வந்தவர்கள் சின்னத் தாங்கியின் மிதவை வால்வை மாற்றிவிட்டுப் போயிருந்தார்கள். சொட்டு நிற்கவில்லை. நூலை எடுத்து மிதவைக் கையை மேலே இழுத்து, ஒரு கட்டையில் கட்டினேன். வால்வால் இனி ஒரு துளி வராது. கீழே போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் மட்டம் ஏறித்தான் இருந்தது, சொட்டும் நிற்கவில்லை.

பக்கத்துப் பெரிய தாங்கியை எட்டிப் பார்த்தேன். அதன் மட்டம் சின்னத் தாங்கியின் வழிவு வாயைவிட உயரம். அதோடு விளங்கிவிட்டது. சுடுதண்ணீர்ச் சிலிண்டருக்குள் ஒரு செப்புச் சுருள் கிடக்கும். பொயிலர்த் தண்ணீர் சுருளுக்குள்ளால் ஓடும், குளிக்கிற தண்ணீர் சுருளைச் சுற்றி நிற்கும். இரண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது. சுருளில் ஊசித் துளை விழுந்தால், உயரமான தாங்கியின் தண்ணீர் துளையால் நுழைந்து ஹீற்றிங் பக்கம் போய்ச் சின்னத் தாங்கியால் வெளியே வரும். பெரிய தாங்கியிலிருந்து சிலிண்டருக்குப் போகிற வால்வைப் பூட்டினேன். கொஞ்ச நேரத்தில் சொட்டு நின்றது.

பழைய சிலிண்டரைக் கழற்றிப் புதிது வைப்பதைத் தவிர அதற்கு மருந்து இல்லை. அந்த அம்மாவுக்குச் சொட்டுத்தான் கவலை. எனக்கு வேறு கவலை: எவ்வளவு காலம் இந்தத் துளையால் புதுத் தண்ணீர் ஹீற்றிங்குக்குள் ஓடியிருக்கிறது, துருத்தடுப்பு மருந்து எல்லாம் கரைந்து போயிருக்குமே என்று. ஒரு றேடியேற்றரின் திருகியைத் திறந்து பார்த்தால் தண்ணீர் கறுப்பு. சிலிண்டரோடு அதையும் சேர்த்துக் கழுவினோம்.

ஒழுக்குகளில் மிகக் கள்ளமானது நிலத்துக்குள் இருப்பது. ஈஸ்ற்ஹாமில் ஒரு வீடு, பின்பக்கம் நீட்டிக் கட்டி, நிலம் சிமெந்து, குழாய் சிமெந்துக்குள். வீட்டுக்காரருக்கு முறைப்பாடு பொயிலர் இரைகிறது என்பது மட்டும்தான். பொயிலருக்குள் சுண்ணாம்பு. சுண்ணாம்பு வந்தால் புதுத் தண்ணீர் வந்திருக்க வேண்டும். வென்ற் கொட்டவில்லை, சிலிண்டர் சுகம், வழிவு இல்லை. அப்படியென்றால் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. இதற்கு நூலும் பென்சிலும் போதும். ஹீற்றிங்கை நிறுத்தி, எல்லாம் நன்றாக ஆறிய பிறகு மிதவையைக் கட்டி, மட்டத்தில் தாங்கியின் உட்சுவரில் ஒரு கோடு. அடுத்த நாள் திரும்பவும் ஆறிய நிலையில் பார்க்க வேண்டும். சூட்டிலே கீறி ஆறிய பிறகு பார்த்தால் இல்லாத ஒழுக்கு இருப்பதாகக் காட்டும். ஆறியபோது கீறிச் சூட்டிலே பார்த்தால் இருக்கிற ஒழுக்கை மறைக்கும். இந்த வீட்டில் மட்டம் இரண்டு விரல் இறங்கியிருந்தது. இடத்தைக் காட்டியது அவர்களுடைய பூனை. நடுக் கூடத்தில் றேடியேற்றர் எதுவுமே இல்லாத ஒரு மூலையில்தான் அது மாரி முழுக்கப் படுக்கும் என்று வீட்டு அக்கா பகிடியாகச் சொன்னா. அந்த மூலையில் கம்பளத்தைத் தூக்கினால் நிலம் சூடு. உறையில்லாமல் சிமெந்துக்குள் நேரே புதைத்த செப்புக் குழாய், வெளியே இருந்து அரித்துப் பொத்தலாகியிருந்தது.

பயமான விஷயம் ஒன்றையும் சொல்லவேண்டும். 2010 மார்கழியில் பெய்த பனியை இங்கே இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். நத்தார் விடுமுறைக்கு ஹீற்றிங்கை நிறுத்திவிட்டுக் கனடாவுக்கோ ஊருக்கோ போய்வந்த குடும்பங்கள் என்னை அழைத்தன. லொஃப்ற்றுக்குக் கனமாகப் பஞ்சு விரித்து வீட்டுச் சூட்டைக் கீழேயே வைத்திருப்பது நல்லதுதான், ஆனால் லொஃப்ற் அதனால் வெளிக்காற்றின் குளிருக்கே வந்துவிடும். தாங்கிக்கு நேர் கீழே பஞ்சு விரிக்கக்கூடாது. வீட்டின் சூடு அதைத் தொட வேண்டும். குழாய்களுக்கும் தாங்கியின் பக்கங்களுக்கும் உறை வேண்டும். நிரப்புக் குழாயும் வென்ற்றும் இரண்டும் உறைந்து அடைத்திருக்கும் நேரம் பொயிலரைக் கொளுத்தினால், பெருக்கிற தண்ணீருக்குப் போக இடமில்லை, ஆவிக்கும் வழியில்லை. வெப்பநிலைக் காப்புகள் வேலை செய்தால் தப்பலாம். செய்யாவிட்டால் பொயிலர் வெடிக்கும். ஆகவே பனியில் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு வந்தால், லொஃப்ற்றில் மிதவையை அமுக்கித் தண்ணீர் வருகிறதா, வென்ற்றிலும் நிரப்புக் குழாயிலும் பனிக்கட்டி இல்லையா என்று பார்க்கும் வரை பொயிலரைத் தொடவேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிடுவேன்.

பெரிய தாங்கி சூடாக இருந்தாலும் ஆபத்துத்தான். 2002இல் தென்மேற்கு இங்கிலாந்தில் ஒரு வீட்டில் சிலிண்டரின் மின்சூடாக்கிக்குத் தேர்மோஸ்ற்றற் பழுதாகி, கொதிதண்ணீர் வென்ற்றால் ஏறிப் பெரிய பிளாஸ்ரிக் தாங்கிக்குள் கொட்டி, தாங்கி இளகி உடைந்து, கீழே படுத்திருந்த குழந்தையின் மேல் விழுந்தது. குழந்தை இறந்துபோனது. அதற்குப் பிறகு வரும் சூடாக்கிகளில் தேர்மோஸ்ற்றற் தவறினால் வெட்டிவிடும் இரண்டாவது காப்பு இருக்கிறது. பழையதைக் கண்டால் நான் கேளாமலே மாற்றச் சொல்வேன். சூடாக்கி ஒன்றின் விலை பெரிய காசு இல்லை.

"அண்ணை, இந்தத் தாங்கிகளைக் கழற்றி எறிஞ்சுபோட்டுக் கொம்பி போட்டால் என்ன?" என்று இளம் ஆக்கள் கேட்கிறார்கள். லொஃப்ற்றை அறையாக்கும் யோசனையோடுதான் அநேகமாகக் கேட்பார்கள். போடலாம், கொம்பி பொயிலருக்குத் தாங்கியும் சிலிண்டரும் தேவையில்லை. 2005 ஏப்ரலுக்குப் பிறகு பொயிலர் மாற்றினால் பெரும்பாலும் புகையின் சூட்டையும் மீட்கிற கொண்டென்சிங் வகைதான் போட வேண்டும். அதை மூடிய சிஸ்ரமாக ஓட்டுவதே சுகம். சேறு மட்டும் கழுவாமல் புதுப் பொயிலரைப் பூட்டினால் அதன் ஒடுங்கிய வழிகளில் பழைய கறுப்பு முதல் மாரியிலேயே அடைக்கும். இன்னொன்று, அழுத்தம். இரண்டு மாடி வீட்டில் லொஃப்ற்றுத் தாங்கி கீழ்மாடி றேடியேற்றருக்கு 5 மீற்றர் உயரத்தில் இருந்தால், அங்கே அழுத்தம் அரைப் பார். மூடிய சிஸ்ரத்தில் ஆறியிருக்கும்போதே ஒன்று, ஒன்றரை பார் வைப்போம், சூட்டில் இன்னும் கூடும். காப்பு வால்வ் 3 பாரில்தான் திறக்கும். வாழ்நாள் முழுக்க அரைப் பாரையே கண்ட பழைய மூட்டுகளுக்கு அது தாங்குமோ தெரியாது. ஆகவே விலை கேட்கிற வீட்டில் நான் முதலில் செய்வது மிதவையைக் கட்டிக் கோடு கீறுவது. அடுத்த நாள் கோட்டில் மட்டம் நின்றால் கொம்பிக்கு விலை சொல்வேன். இறங்கியிருந்தால், எந்த அறையின் நிலத்தை முதலில் கிளப்புவது என்றுதான் கதைப்போம்.